பதினான்கு பாடம் பதிந்தேன், ஒன்றுகூட முடியவில்லை: பாலக்கோடு வாசகிக்குப் பதில்

கேள்வி: வயது 38. பாலக்கோடு பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தேன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வானியல், வரலாறு, பொருளாதாரம், செடிகொடி, புரோகிராமிங் என்று எல்லாமே தெரிந்துகொள்ள ஆசை. இணையத்தில் இலவசம் என்றதும் ஸ்வயம், என்.பி.டி.இ.எல்., கோர்செரா, எட்எக்ஸ் என்ற பாடத் தளங்கள் எல்லாம் சேர்த்து 14 பாடங்களில் பதிந்துவிட்டேன். எதிலும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேசினால் ஓடிவிடுகிறது. போனில் தினம் 1.5 ஜிபி டேட்டா. தங்கைக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது, சார்ஜரில் போட்டால்தான் ஓடும். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் இருக்கிறான். "அகல உழுவதைவிட ஆழ உழு. இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஆகவே அந்த 14 பாடங்களையும் மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். என்.பி.டி.இ.எல்.லில் 4 வாரப் பாடம் என்றால் சுமார் 10 மணி நேர வீடியோ, 8 வாரம் என்றால் 20, 12 வாரம் என்றால் 30. அதாவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், வீடியோ மட்டும். பேச்சு ஓடிவிடுகிறது என்கிறீர்கள். நிறுத்தி, திருப்பிக் கேட்டுப் பார்த்தால் அது நான்கு மணி நேரமாகிவிடும். வார வீட்டுப்பாடத்துக்கு இன்னொரு மணி. ஆக, ஒரு பாடத்துக்கு வாரம் ஐந்து மணி நேரம். 14 பாடத்துக்கு 70. வேலை, சமையல், பையன் படிப்பு போக ராத்திரி முக்கால் மணி வீதம் ஐந்து நாள், ஞாயிறு இரண்டு மணி நேரம் எடுத்தால் ஆறு மணிகூட முழுசாக வராது. ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் வேடிக்கை பார்க்க முக்கால் மணி மிஞ்சும். மூன்றாவது வாரத்தில் நின்றது சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை.

உலகம் முழுவதும் இதே கதைதான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் பதிவேடுகளை அலசிய கட்டுரை ஒன்று 2019 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பதிந்தவர்களில் பாதிக்கும் மேல் ஒரு தடவைகூடப் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ 46 சதவீதம் முடித்தார்கள். பணம் கட்டினால் மூளை கூர்மையாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. முடிக்கவேண்டிய தேவை உள்ளவர்களே பணம் கட்டுகிறார்கள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியதும் ஏதோ கற்றுவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் 14 வரை கொண்டுபோயிருக்கிறது.

இன்றே 13 பாடங்களிலிருந்து விலகுங்கள். பெரும்பாலான தளங்களில் பாடத்திலிருந்து விலகும் வசதி இருக்கும். என்.பி.டி.இ.எல்.லில் பாதியில் நின்றால் அபராதமோ கறுப்புப் புள்ளியோ கிடையாது. எதை வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. முதல் வகுப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் வகுப்பு எல்லாப் பாடத்திலும் இனிப்பாகத்தான் இருக்கும், கடையில் பழத்தை அடுக்கிவைப்பது மாதிரி. நான்காவது வாரத்தில் ஏதாவது ஒரு வகுப்பையும், மூன்றாவது வார வீட்டுப்பாடத்தையும் திறந்து பாருங்கள். கேள்வியே புரியாவிட்டால் அந்தப் பாடத்துக்கு முன்னால் படிக்கவேண்டியது ஏதோ விடுபட்டிருக்கிறது. கேள்வி புரிந்து விடை தெரியாவிட்டால் அதுதான் உங்களுக்கான பாடம்.

வீட்டுக்காரர் சொன்ன பழமொழி தப்பில்லை. ஆனால் நம் பக்கத்து மானாவாரிக் காட்டுப் பழக்கத்தையும் அவருக்கு நினைவுபடுத்தலாம். ராகி விதைக்கும்போது ஊடே அவரையோ துவரையோ போடுவது இங்கே பழைய வழக்கம். ராகி பொய்த்தாலும் அவரை கைகொடுக்கும். ஆனால் காடு ராகிக் காடுதான், அதில் குழப்பமில்லை. உங்கள் படிப்பையும் அப்படி வகுத்துக்கொள்ளலாம். தேதி, வீட்டுப்பாடம் உள்ள பாடம் ஒரு நேரத்தில் ஒன்று. மற்ற துறைகள் ஊடுபயிர்: அவற்றுக்குப் பதிவு வேண்டாம், தேதி வேண்டாம், முடிக்கவேண்டிய கட்டாயமும் வேண்டாம்.

இதற்கு எந்தத் தளம் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்வயம் 2017 ஜூலையில் தொடங்கியது. என்.பி.டி.இ.எல். அதைவிட மூத்தது, ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. இந்த இரண்டிலும் தேதி வைத்து நடக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரி, ஜூலைப் பருவங்களில் தொடங்கும். பருவம் முடிந்த பழைய பாடங்களோ என்.பி.டி.இ.எல். தளத்திலேயே வீடியோவாகவும், பேசியதை எழுத்தாக்கிய பி.டி.எஃப்.பாகவும் கிடக்கின்றன. பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. படித்தால் புரிகிறது, கேட்டால் ஓடுகிறது என்று சொல்லும் உங்களுக்கு அந்த எழுத்துப் பிரதிதான் முதல் மருந்து. வகுப்பைப் பார்ப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள், பிறகு பார்த்தால் பேச்சு ஓடாது. எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர் 2001இல் அறிவிக்கப்பட்டது. 2,500க்கு மேற்பட்ட பாடங்கள் உள்ளன, உள்நுழைவு கிடையாது, தேதி கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஊடுபயிருக்கு ஏற்ற இடம். எட்எக்ஸில் இலவசமாகச் சேர்ந்தால் குறிப்பிட்ட நாள்வரைதான் பாடம் திறந்திருக்கும், மதிப்பெண் பெறும் தேர்வுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். கோர்செராவில் இலவசமாகப் பார்க்கக்கூடிய பகுதி சுருங்கிக்கொண்டே வருகிறது. சில பாடங்களில் முதல் பகுதியோடு நின்றுவிடும். இந்த இரண்டிலும் "ஏழு நாள் இலவசம்" என்று கார்டு எண்ணோ யு.பி.ஐ. ஆட்டோபே அனுமதியோ கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து இப்போதே ரத்து செய்யுங்கள். எட்டாம் நாள் பணம் போன பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அடுத்து ஆங்கிலம். யூடியூப் தானாகப் போடும் தமிழ் வசன வரிகளை நம்பி அறிவியல் படிக்காதீர்கள். வேதியியலில் 'சொல்யூஷன்' என்றால் கரைசல், எந்திரம் அதைத் 'தீர்வு' என்று போட்டுவிடும். 'பேஸ்' என்றால் காரம், எந்திரம் 'அடிப்படை' என்னும். இயற்பியலில் 'பவர்' திறன், எந்திரத்துக்கு அதிகாரம். ஒரு வரியில் இரண்டு சொல் இப்படிப் புரண்டால் புரியாதது பாடமா, மொழிபெயர்ப்பா என்றே தெரியாது. தானியங்கி ஆங்கில வரிகளை வைத்துக்கொண்டு, வேகத்தை 0.75 ஆக்கிக் கேளுங்கள். கலைச்சொல்லுக்கு நம் சமச்சீர்ப் பாடநூல்களைப் பாருங்கள். 11, 12ஆம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகங்கள் அரசின் தளத்தில் பி.டி.எஃப்.பாக இலவசம். பல புத்தகங்களில் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் பட்டியலாகவே இருக்கும். 38 வயதில் பிளஸ் ஒன் புத்தகமா என்று கூச்சப்படவேண்டாம். கல்லூரிப் பாடம் புரியாமல் நிற்கும் பத்தில் ஏழெட்டு இடங்களில் காரணம் பிளஸ் ஒன்னில் விட்ட ஒரு பாடம்தான் என்பது எங்கள் கணிப்பு. பி.காம். படித்த உங்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியலே இருந்திருக்காது. அந்த இரண்டு வருடப் பள்ளத்தை நிரப்பாமல் ஐ.ஐ.டி. வகுப்பில் உட்கார்ந்தால் மூன்றாவது வாரத்தில் மூழ்குவது இயற்கை.

இனி முக்கியமான விஷயம். பல துறைகளையும் தொட ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தப்பு, துறையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது. "வேதியியல் படிக்கப் போகிறேன்" என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஊரிலிருந்து ஒரு கேள்வியைப் பிடித்தால், அது தானே நான்கு துறைகளுக்கு இழுத்துக்கொண்டு போகும், முடியும் இடமும் தெரியும்.

உங்கள் ஊருக்கு என்றே ஒரு கேள்வி இருக்கிறது: போர்வெல் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பல்லில் ஏன் காவி விழுகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று இருக்கிறது.

ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது என்பது நிலவியல். நம் காலடியில் இருப்பது பழைய கிரானைட், நைஸ் பாறைகள். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட், ஃபுளோரைட் போன்ற கனிமங்கள் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பாறை இடுக்கில் வெகுகாலம் நிற்பதால் அதிகம் கரையும். நிலத்தடி நீரியல் பற்றி என்.பி.டி.இ.எல்.லில் பாடங்கள் இருக்கின்றன. அதில் முதல் இரண்டு வாரம் போதும், பம்பிங் சோதனைச் சமன்பாடு வரும் இடத்தில் நீங்கள் இறங்கிக்கொள்ளலாம்.

ஒரு கிணற்றில் அதிகம், பக்கத்துக் கிணற்றில் குறைவு, ஏன்? இது வேதியியல். 12ஆம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் அயனிச் சமநிலை என்ற பாடத்தில் கரைதிறன் பெருக்கம் வரும். கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். கரைந்த கால்சியத்தின் செறிவையும் ஃபுளோரைடு செறிவின் இருமடியையும் பெருக்கினால் அது ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிந்துவிடும். ஆகவே கால்சியம் நிறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு ஏற முடியாது. கால்சியம் குறைந்து, பைகார்பனேட் மிகுந்து, காரத்தன்மை கூடிய தண்ணீரில் ஏறும். "உப்புத் தண்ணி கெட்டது, சப்புன்னு இருக்கிற தண்ணி நல்லது" என்று நாக்கை வைத்து முடிவு செய்வது இங்கே செல்லாததற்குக் காரணமும் இதுதான். ஃபுளோரைடுக்கு இந்த அளவில் ருசி கிடையாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எந்திரம் பெருமளவு நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைப்பது நல்கொண்டா முறை. நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது.

பிறகு மருத்துவமும் கணக்கும். பல் ஈறுக்கு மேலே வரும் முன், எனாமல் உருவாகும் சின்ன வயதில் அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால்தான் பல்லில் கறை விழும். பெரியவர் புதிதாகக் குடிவந்து குடித்தால் பல் கறைபடாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு பாதிக்கும். 2 மி.கி. உள்ள தண்ணீரை வெயிலில் வேலை செய்கிறவர் நாளைக்கு 4 லிட்டர் குடித்தால் 8 மி.கி. உள்ளே போகிறது. ஏ.சி. அறையில் 2 லிட்டர் குடிப்பவருக்கு அதே தண்ணீரில் 4 மி.கி. ஒரே எண்ணை வைத்து எல்லாருக்கும் வரம்பு போடுவதில் உள்ள சிக்கல் இங்கே உங்களுக்கே புலப்படும். அதோடு பொதுநிர்வாகத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

கடைசியில் கையால் ஒன்று செய்யவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவும் காற்றோடு போய்விடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். உங்கள் ஊராட்சியில் யாரிடம் பெட்டி இருக்கிறது என்று கேளுங்கள். நிறம் பார்த்துச் சொல்லும் சோதனை என்பதால் 1க்கும் 1.5க்கும் நடுவே தடுமாறும். சந்தேகமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஐந்தாறு கிணறுகளின் அளவு கிடைத்தால் எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அட்டவணை போடுங்கள்: ஆழம், தேதி, மழைக்கு முன்னா பின்னா, ஃபுளோரைடு. சராசரி மட்டும் எடுக்காமல் இடைநிலை அளவும் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) எடுங்கள். ஒரே ஒரு கிணறு 4 காட்டினால் சராசரி ஊரையே பயமுறுத்திவிடும். கணக்கு எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கால்க் கற்க ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது, தமிழ்க் குரலிலேயே. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். இதைப் போனில் பார்த்தால் பாதிப் பயன்தான். லேப்டாப் திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் வீடியோ, வலப்பக்கம் மென்பொருள் என்று வைத்து, வீடியோ ஒன்று செய்தால் நிறுத்திவிட்டு நீங்களும் செய்யவேண்டும். அந்தப் பாடங்கள் அதற்காகவே அப்படி அமைக்கப்பட்டவை. பல பாடங்கள் மென்பொருளின் பழைய பதிப்பில் எடுக்கப்பட்டவை என்பதால் மெனு இடம் மாறியிருக்கும். அவர் காட்டும் இடத்தில் இல்லாவிட்டால் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், மெனுவின் பெயரைத் தேடுங்கள். 2 ஜிபி ராம் உள்ள அரசு லேப்டாப்பிலும் லிப்ரே ஆபீஸ் ஓடும், முதல் தடவை திறக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பேட்டரி செத்திருப்பதால் கரண்ட் போனால் எழுதியது போய்விடும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு கேள்விக்கு எட்டு வாரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பார்க்கும் முறையையும் மாற்றவேண்டும். அரை மணி வீடியோவை ஒரே மூச்சில் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் யாராவது கேட்டால் இரண்டு வாக்கியம் வராது. எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் நாலு வரி எழுதுங்கள். பார்த்து எழுதினால் அது நகல் எடுப்பது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். அன்றைக்குப் புரிந்த மாதிரி இருப்பதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கலைச்சொற்களை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ள ஆண்ட்ராய்டில் அங்கிட்ராய்டு என்ற இலவசச் செயலி போதும், சேர்த்த சொற்களை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும். நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆர்வத்தில் ஒரே நாளில் ஐம்பது சேர்த்தால் அடுத்த வாரம் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும், செயலியையே அழித்துவிடுவீர்கள்.

மற்ற ஆசைகளைப் பற்றிச் சுருக்கமாக. பொருளாதாரத்துக்குக் கேள்வி உங்கள் ஊர்ச் சந்தையிலேயே இருக்கிறது: விளைச்சல் கூடிய வருடம் பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்களுக்கு ஏன் நஷ்டம்? 11ஆம் வகுப்புப் பொருளாதாரத்தில் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) படித்தால் பாதி விடை வந்துவிடும். விலை பாதியானால் யாரும் இரண்டு மடங்கு ரசம் வைப்பதில்லை. செடிகொடிக்கு, மா ஏன் ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் ஓய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பதால் நேரில் கேட்கவும் இடமுண்டு.

வரலாற்றில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரும்புக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? இரும்பை அளப்பதில்லை, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரியை அளக்கிறார்கள். கரியில் உள்ள, தானே சிதையும் கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளப் பிளஸ் டூ இயற்பியலின் அணுக்கருப் பாடமும், மடக்கைக் கணக்கும் தேவைப்படும். கரி எந்த அடுக்கில் கிடந்தது என்பதில் பிசகினால் வயதும் பிசகும் என்பதும் புரியும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, மகனைக் கூட்டிப்போய் எழுத்தைப் பாருங்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பும் இருக்கின்றன. இரண்டும் முழு இலவசம்.

வானியலுக்கு வீடியோவைவிட வானம் முதலில். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்து, இன்று இரவு எட்டு மணிக்குக் கிழக்கே என்ன தெரியும் என்று பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். நான்கு வாரம் ஒரே நேரத்தில் ஒரே நட்சத்திரத்தைக் குறித்துவைத்தால் அது நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக வருவது தெரியும். ஏன் என்று அப்போதுதான் பாடத்தில் தேடவேண்டும்.

புரோகிராமிங்கை மட்டும் ஊடுபயிராக வைக்காதீர்கள். அது நாலு நாள் விட்டால் மறக்கிற கை வேலை. ஃபுளோரைடு முடிந்ததும் அதை ராகியாக வைத்து எட்டு, பன்னிரண்டு வாரம் அதையே செய்யுங்கள். ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடத்தை முழுதாக முடித்தால் பல்கலைக்கழகத்தின் அந்தப் பாடக் குழுவே இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. எட்எக்ஸ் வழியாக வரும் சான்றிதழுக்குத்தான் பணம். ஆனால் அது கடினம், முதல் மாதமே சி மொழி. உங்களுக்கு ஸ்போக்கன் டுடோரியலின் பைத்தான் பாடங்களோ ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளமோ இறங்கு துறையாக இருக்கும்.

சான்றிதழ் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, வீட்டுக்காரரின் "வேலைக்கு ஆகாது" என்பதில் அந்தக் கேள்வி இருக்கிறது. என்.பி.டி.இ.எல்.லில் படிப்பு இலவசம், தேர்வு எழுதினால் பாடத்துக்கு 1,000 ரூபாய். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டும். வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் வீட்டுப்பாடங்களில் சிறந்த எட்டின் சராசரியை எடுப்பார்கள். சான்றிதழ் பெற வீட்டுப்பாடத்தில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வேண்டும். இரண்டும் தனித்தனியாக வேண்டும், தேர்வில் 60 வாங்கி வீட்டுப்பாடத்தில் 8 என்றால் சான்றிதழ் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வார வீட்டுப்பாடத்தை விட்டுவிடுகிறார்கள். தேதி போனால் அது மறுபடி திறக்காது. சங்கத்தில் பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழைக் கணக்கில் எடுப்பார்களா என்று மேலாளரிடம் கேட்டு, ஆம் என்றால் மட்டும் கட்டுங்கள். எப்படியும் இது பட்டத்துக்கு ஈடாகாது. வாட்ஸப்பில் "இலவசச் சான்றிதழ், பிராசஸிங் கட்டணம் மட்டும் 299" என்று வருவதை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

வேலைக்கு ஆகுமா என்றால், கால்க் ஆகும், பைத்தான் ஆகலாம், நட்சத்திரம் ஆகாது. அவரிடம் அப்படியே சொல்லிவிடலாம். வாரத்தில் ஆறு மணி நேரம் தனக்குப் பிடித்ததைப் படிக்க ஒருவருக்கு வேறு நியாயம் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மகனுக்கு: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற பாவனைச் சோதனைகள் உள்ளன, பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மின்சுற்று, அடர்த்தி, அமில காரம் எல்லாம் திரையிலேயே செய்து பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள். "பேட்டரியைத் திருப்பிப் போட்டால் என்னாகும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டு, அவன் சொன்ன பிறகு செய்யவிடுங்கள்.

டேட்டா கணக்கு இதோ. 360பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறத்தாழ 300 எம்பி ஆகும், 720பி என்றால் ஒரு ஜிபியைத் தொடும். கரும்பலகை வகுப்புக்கு 360 போதும், கணினித் திரையைக் காட்டும் பாடத்துக்கு மட்டும் எழுத்துத் தெரிய 480 வையுங்கள். யூடியூப் தானாகத் தரத்தை ஏற்றிவிடும், அமைப்பில் போய் டேட்டா சேமிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ராத்திரி 12 மணிக்குள் அன்றைய டேட்டாவில் மிச்சம் இருந்தால் அன்று பார்த்த வகுப்பை இறக்கி வைத்துக்கொண்டு அடுத்த நாள் பஸ்ஸில் பார்க்கலாம். அந்த நேரத்தில் எழுத முடியாது என்பதால் பஸ்ஸில் புது வகுப்பு வேண்டாம், நேற்றுப் பார்த்ததை மறுபடி கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிபீடியாவை மொத்தமாக இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே தேடலாம். படங்கள் இல்லாத பதிப்பு சின்னது, முதலில் அதை எடுங்கள்.